குப்பி என்றொரு சொல்

குருநகரில் மீன் விற்று மகளைப் பல்கலைக்கழகம் வரை படிக்கவைத்த றோசலினுக்கு, அந்த ஒரு சொல்லைத்தான் தாங்க முடியவில்லை.

“அம்மா, நாளைக்குக் குப்பி இருக்கு. பிந்தித்தான் வருவன்,” என்பாள் டிலானி. பரீட்சைக்கு முன் மூத்த மாணவர்கள் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்குப் பல்கலைக்கழகத்தில் அதுதான் பெயர். றோசலினுக்கோ குப்பி என்றால், போருக்குப் போன தம்பி, பிடிபட்டால் கடிக்கவென்று கழுத்தில் கட்டியிருந்த நஞ்சு.

“வகுப்பெண்டு சொல்லன் பிள்ளை,” என்று எத்தனையோ தரம் கெஞ்சிவிட்டாள்.

தாய்க்காக ஒருநாள் டிலானி தோழியிடம் போனில் “நாளைக்கு வகுப்பு” என்றாள். வழக்கமான விரிவுரை என்று நினைத்த தோழி விரிவுரை மண்டபத்துக்குப் போய்க் காத்திருந்து, வேறிடத்தில் நடந்த குப்பியைத் தவறவிட்டாள்.

“உங்களாலைதான் அம்மா. இனி நான் கதைக்கிறதிலை தலையிடாதேங்கோ.”

தம்பியைப் பற்றி றோசலின் மகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எரிச்சல் மகள் மேலா தன் மேலா என்று தெரியாமல் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.