துரையின் குட்டைக்கால் நாய்

தலைச்சுமையாய்த் தோல் விற்று, தனியாளாய் ஆம்பூரில் தொழிற்சாலை கட்டியவன் நான். யாருக்கும் அஞ்சியதில்லை, ராணிப்பேட்டைக்குத் தோல் தரம் பார்க்க வந்த அந்தச் செம்பட்டை மீசைத் துரையின் நாயைத் தவிர. எங்களிடம் தமிழ் பேசுவார்; நாயிடம் மட்டும் தம் வேல்ஸ் நாட்டுப் பேச்சு. அங்கே குதிகாலைக் கவ்வி மாடு ஓட்டும் குட்டைக்கால் நாய் அது. ராணிப்பேட்டைக்குச் சுமையோடு போன அன்று, பச்சைத்தோல் நாறிய என்னையும் மாடென்று எண்ணிக் குதிகாலைக் கவ்வ வந்தது. நாய்க்கடியில் என் மாமன் செத்ததைப் பார்த்தவன் நான், அலறி ஓடினேன். மாட்டுக்கொட்டகைக்குள் விரட்டிவிட்டது.

“இன்னா தோஸ்த், பால் கறக்கலாமா?” என்றான் தோல் அலசிக்கொண்டிருந்தவன்.

“ஓடாத, நில்லு! ஓடுனா அதுக்கு நீ மாடுதான்” என்றார் துரை.

நின்றேன். நாயும் நின்றது. அவர் குனிந்து அதனிடம் தம் நாட்டுப் பேச்சில் ஏதோ சொன்னார். அது வாலில்லாத இடுப்பை ஆட்டியது.

நாயைத் திட்டினாரா, மெச்சினாரா? இன்றும் குதிகால் கூசும்போது யோசிக்கிறேன்.