மஞ்சக்குப்பத்து வெள்ளிக் கார்

கத்திரி வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்லும் மனுசனோடு குடித்தனம் நடத்துவது என்ன பாடு என்று இளவரசியைக் கேட்டால் தெரியும். அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் ஒர்க்‌ஷாப் ஊழியர் ஜெயப்பிரகாஷ் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். ரோபோ கார் வீடு என்றால் கீரைக்காரம்மாகூட வழி காட்டும். மடக்கினால் கார், பிரித்து நிமிர்த்தினால் ரோபோ. அந்தப் பொம்மைகள்தாம் இளவரசியின் வீட்டுக்காரருக்கு உயிர். கண்ணாடி அலமாரி நிறைய அடுக்கிப் பூட்டி வைத்திருந்தார். அசலா, பின்னால் அடித்த நகலா, ஸ்டிக்கர் பழசா, டயர் மாற்றியதா என்று பார்த்துச் சொல்வதில் அவர் கெட்டிக்காரர். கூட்டியும் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார். தங்கச்சி மாப்பிள்ளை ஆசையாக வாங்கி வந்ததையே டூப்ளிகேட் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்த மாப்பிள்ளை அந்தப் பொங்கலுக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அலமாரியை வைத்துப் புருசன் பெண்டாட்டிக்குள் வருடா வருடம் ஆயுத பூசையன்று தகராறு. ஸ்கூட்டர், தையல் மிஷின், அரிவாள்மணை என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வரும் இளவரசி அலமாரிப் பக்கம் திரும்பினால் போதும், குறுக்கே வந்து நின்றுவிடுவார். கல்யாணமான புதிதில் ஒரு வெள்ளைக் காருக்கு அவள் பொட்டு வைத்துவிட்டாள். பிளாஸ்டிக்கில் ஏறிய சிவப்பு எதைப் போட்டுத் துடைத்தும் போகவில்லை. அன்றைக்கு வடை பாயசத்தை மனுசன் தொடவே இல்லையே!

இரண்டாயிரத்துப் பத்தாம் வருடம் மே மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து மணவாளன் என்ற பெரியவர் ஜெயப்பிரகாஷ் பேரைக் கேள்விப்பட்டு பஸ் பிடித்து வந்தார், மடியில் ஒரு பெட்டியோடு. கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி அமிர்தம் தவறிப்போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

“எம்பத்தஞ்சுல ஜப்பான்ல பையனுக்குன்னு வாங்கியாந்தேன் தம்பி. ஒடச்சிடுவான்னு அமிர்தம் பீரோ மேல தூக்கி வச்சிட்டா. அதோட யாரும் தொடல. பெங்களூர்ல ஒருத்தர் கேக்கறாரு. கை படாததுன்னாதான் எடுப்பாராம். பாத்து சொல்லுங்க. குறை எதனா இருந்தா நீங்களே வச்சிக்கங்க. பையன் கனடாவுல இருக்கான், அவனுக்கு இது வேணாமாம்.”

பெட்டியைத் திறந்ததும் இளவரசி தன் புருசன் முகத்தைப் பார்த்தாள். பல வருடமாகக் கம்ப்யூட்டரில் படம் படமாகப் பார்த்து ஏங்கிய வெள்ளிக் கார். பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தன்னைக்கூட இந்த மனுசன் இப்படிப் பார்க்கவில்லை என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாமி, இதில் ஒரு குறை இருக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

ஜெயப்பிரகாஷ் கை கழுவி, மோதிரத்தைக் கழற்றி, மேசையில் வெள்ளை வேட்டியை விரித்தார். “இளவரசி, ஃபேன்” என்றார். தூசி பறந்து மூட்டுக்குள் போய்விடுமாம். நிறுத்தினாள். பெரியவருக்கு வேர்த்து ஊற்றியது. ஜெயப்பிரகாஷ் காரை உருட்டிப் பார்த்தார், கதவுகளை இழுத்துக் கைகளாக்கினார், பின்பக்கத்தை நீட்டிக் கால்களாக நிறுத்தினார். ஒவ்வொரு மூட்டும் டக்கென்று உட்கார்ந்தது. பானெட்டை மடித்து மார்பாக்கும்போது கை நின்றுவிட்டது. லென்ஸை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஊசியால் டயர் இடுக்கில் எதையோ நெம்பினார்.

“என்ன தம்பி, குறையா?”

“கறை இருக்கு சார்.”

“அப்ப உங்களுக்குத்தான். சந்தோசமா வச்சிக்கங்க.” பெரியவர் எழுந்து செருப்பைத் தேடினார்.

இளவரசிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஃபேன் சுவிட்சுக்குப் போனாள். ஜெயப்பிரகாஷ் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன கறைன்னும் பாத்துடுங்க சார்” என்றார். “இது குங்குமம். அடியில சந்தனம். ஒரு வாட்டி வச்சது இல்ல. தொடச்சிட்டு மறுபடி மறுபடி வச்சிருக்காங்க. டயர்ல ஒட்டியிருக்கறது எலுமிச்சந்தோல்.”

“எங்க வீட்டுலயா? சைக்கிள்கூட இல்லாத வீடு தம்பி அது. பூசை போட ஏது வண்டி?” என்று சொன்னவர் அப்படியே நின்றார்.

“ஆயுத பூசைக்கு நீங்க ஊர்ல இருந்ததுண்டா சார்?” என்று இளவரசி கேட்டாள்.

“ஒரு வருசமும் இல்லம்மா. கப்பல்லதான்.”

“கப்பலுக்கு உங்க வீட்டம்மா எங்க போயி பொட்டு வைப்பாங்க?”

பெரியவர் உட்கார்ந்துவிட்டார். பானெட்டின் அந்தச் சிவப்பைக் கட்டைவிரலால் தொட்டார். அழுத்தித் தேய்த்துவிடப் போகிறோமே என்று பயந்தவர் மாதிரி உடனே கையை எடுத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

“குடுத்தத திருப்பிக் கேக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க தம்பி.”

ஜெயப்பிரகாஷ் ரோபோவை மறுபடி காராக மடக்கிப் பெட்டியில் வைத்தார். பஸ் ஸ்டாண்டு வரை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டும் வந்தார்.

வந்ததும் இளவரசி பிடித்துக்கொண்டாள். “எடுத்துக்கன்னு அவரே சொல்லிட்டாரு. கறைன்னதோட வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?”

“பாத்தாச்சு இளவரசி. எப்படி சொல்லாம இருக்கறது?”

பிழைக்கத் தெரியாத மனுசன் என்று வாய் முணுமுணுத்ததே தவிர, இப்படி ஒருத்தருக்கு வாழ்க்கைப்பட்டதில் அவளுக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

அந்த வருட ஆயுத பூசைக்கு ஸ்கூட்டர், தையல் மிஷின், அரிவாள்மணை எல்லாம் முடித்து, அலமாரியைப் பார்க்காமலே தட்டோடு கடந்து போனாள். பின்னால் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஜெயப்பிரகாஷ் நின்றிருந்தார்.

“எல்லாத்துக்குமா?” என்றாள்.

“ம். சின்னதா வை.”