இரண்டு விசில் கேட்ட பிறகு

கடத்தூரை அடுத்த முதியோர் இல்லத்தில் ராஜப்பனுக்குக் கட்டில் இருந்தது, மின்விசிறி இருந்தது, வேளாவேளைக்குச் சோறும் இருந்தது; கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும் இல்லை. உள்ளே யாரேனும் வழுக்கி விழுந்தால் கதவை உடைக்க வேண்டியிருக்குமே என்று மேலாளர் மாதவராஜ் எல்லா அறைகளின் தாழ்ப்பாள்களையும் கழற்றிவிட்டார். அன்று முதல் ராஜப்பன் வேட்டி மாற்றும் நேரம் பார்த்துத்தான் மாத்திரையும் வந்தது, துடைப்பமும் வந்தது, தேநீரும் வந்தது.

“கதவத் தட்டிட்டு வரக்கூடாதுங்களா?” என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

“இந்த வயசுல என்ன வெக்கம் பெரியவரே? நாங்க பாக்காததா?” என்றார் மாதவராஜ்.

“நீங்க பாத்திருப்பீங்க. நான் காட்டுனதில்லீங்களே!”

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பணிப்பெண் சில்வியா களுக்கென்று சிரித்தாள். மேலாளர் சிரிக்கவில்லை.

ராஜப்பன் சித்தேரி மலைப்பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு விசில் ஊதினால் வண்டி நிற்க வேண்டும். இரண்டு ஊதினால் புறப்படலாம். அவர் விசிலை மீறி ஒரு சக்கரமும் உருண்டதில்லை. அத்தகையவருக்குத் தம் இடுப்புத் துணியின்மேல்கூட அதிகாரம் இல்லாமற்போனதுதான் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஜவுளிக்கடைக்காரர் சந்திரமோகன் தம் பிறந்தநாளுக்கு விருந்தளிக்க வந்தார். புகைப்படக்காரரும் உடன் வந்தார். கூடத்தில் பந்தி நடந்தது. ராஜப்பன் அப்போதுதான் குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு நின்று வேட்டியை உதறிக்கொண்டிருந்தார்.

“ஒருத்தர் ரூம்லயே இருக்காருங்க. அப்படியே உள்ள போயி வேட்டி குடுத்து ஒரு போட்டோ எடுத்துக்கலாம்” என்ற மாதவராஜின் குரல் நெருங்கியது. கதவும் அசைந்தது.

ராஜப்பன் ஆணியில் தொங்கிய பழைய பையைத் துழாவி விசிலை எடுத்தார். ஓங்கி ஒரே ஓர் ஊது.

கூடத்தில் சாம்பார்க் கரண்டி அந்தரத்தில் நின்றது. மலைப்பேருந்திலேயே பாதி வாழ்நாளைக் கழித்த குள்ளம்மாள் மேசையை இறுகப் பற்றிக்கொண்டாள். அறை வாசற்படியில் சந்திரமோகனின் கால், மூளையைக் கேளாமல் தானே நின்றது.

“யாரும் ஏறாதீங்க! உள்ள ஆளு இன்னும் எறங்கலீங்க!”

வேட்டி கட்டினார், சட்டைப் பொத்தான்களைப் பூட்டினார், தலை வாரினார், நாற்காலியில் அமர்ந்தார். பிறகு இரண்டு விசில்.

“வாங்க, வாங்க. பொறந்தநாளுங்களா? நல்லா இருங்க.”

கேமராவைத் தூக்கிய புகைப்படக்காரர், முதலில் பெரியவரின் முகத்தைப் பார்த்தார். ராஜப்பன் தலையசைத்த பின்னரே படம் எடுத்தார்.

விருந்தினர் போனதும் மாதவராஜ் வந்தார். “அந்த விசில ஆபீஸ்ல குடுத்துருங்க பெரியவரே.”

“தாழ்ப்பாளக் குடுங்க, குடுத்தர்றேன்.”

“எனக்கும் ஒரு விசிலு வாங்கியாங்க தம்பி!” என்றது பக்கத்து அறையிலிருந்து குள்ளம்மாளின் குரல்.

மறுநாள் காலை மாதவராஜ் மாத்திரையோடு வந்து கதவில் கை வைத்தார். என்ன நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டு வெளியிலேயே நின்றார். உள்ளே ராஜப்பன் எப்போதோ உடுத்தி முடித்திருந்தார். மேலாளரின் காலும் பழகட்டும் என்று சற்றுநேரம் நிற்கவிட்டு, அதன்பிறகே இரண்டு விசில் ஊதினார்.