பதினைந்து டிகிரிக்குக் கீழே

1

என் பணி டைரியில், போன வருடத்துக்கு முந்தைய டிசம்பர் 27-ஆம் தேதிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "காலை தண்ணீர் 13 டிகிரி. செல் நின்றுவிட்டது. க்ளோரின் 1.5. அமலிக்கு 30-ஆம் தேதி மதிய வண்டி."

முதல் மூன்றும் ஏற்காட்டில் நான் வேலை பார்க்கும் விடுதியின் நீச்சல் குளத்தைப் பற்றியவை. கடைசியில் இருப்பது என் மனைவியைப் பற்றியது. விருத்தாசலத்தில் நர்ஸாக இருந்தவளுக்குக் குவைத்தில் வேலை கிடைத்திருந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். போகும் முன் கூட இருக்க 28-ஆம் தேதியிலிருந்து லீவு வாங்கியிருந்தேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். உப்புக் குளத்தில் தினமும் க்ளோரின் கொட்டுவதில்லை. தண்ணீரில் சிறிது உப்பைக் கரைத்து, செல் என்ற குழாய் வழியே ஓட விடுவோம். அதற்குள் இருக்கும் தகடுகளில் மின்சாரம் பாயும்போது உப்பிலிருந்தே க்ளோரின் பிரியும். தண்ணீர் குளிர்ந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. எங்கள் மெஷின் பதினைந்து டிகிரிக்குக் கீழே போனால் தானாக உற்பத்தியை நிறுத்திவிடும். ஏமாற்றி ஓட்டினால் தகட்டின் மேல்பூச்சு போய்விடும். பிறகு கோடையில் அழுதாலும் க்ளோரின் வராது.

2

மேனேஜர் தாமோதரன் சார் கையில் டீயோடு பம்ப் ரூமுக்கு வந்தார்.

"லோ சால்ட்டுன்னு காட்டுதே சேவியர். நாலு மூட்டையப் பிரிச்சுக் கொட்ட வேண்டியதுதானே?"

"உப்பு சரியாத்தான் சார் இருக்கும். தண்ணி குளுந்துட்டா மீட்டர் கொறச்சுத்தான் காட்டும்."

ஏற்காட்டுக்கு வரும் முன் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் யூனிட்டில் இருந்தேன். மோல்டில் ஊற்றும் களிமண் குழம்பை அங்கே ஸ்லிப் என்பார்கள். மார்கழிக் காலையில் அது கெட்டியாகத் தெரியும். புது ஆள் பதறித் தண்ணீர் சேர்த்துவிடுவான். வெயில் ஏறியதும் குழம்பு நீர்த்துப்போகும், அன்றைய வாஷ்பேசின்கள் எல்லாம் விரிசல் விடும். அதனால் ஒரு குவளை ஸ்லிப்பைச் சூளைப் பக்கம் வைத்து, குளிர் விட்ட பிறகுதான் கை வைப்போம். அதே பழக்கத்தில் ஒரு வாளி குளத்துத் தண்ணீரைக் கிச்சனில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பிறகு சோதித்தேன். உப்பு சரியாகவே இருந்தது.

சார் தலையாட்டினார். "சரிப்பா, ஒத்துக்கறேன். ஆனா நியூ இயருக்கு எல்லா ரூமும் புக்காயிருக்கு. செல் ஓடுச்சுன்னா நீ தாராளமா ஊருக்குப் போ. ஓடலைன்னா தண்ணிய யாரு பாக்கறது? எவன் புள்ளைக்காவது கண்ணு எரிஞ்சா நான்தானே பதில் சொல்லணும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை.

ஹவுஸ்கீப்பிங் குமுதா அக்கா வாசலில் நின்று சிரித்தார். "மெஷினுக்கே குளுருதாம். நமக்கு மட்டும் இரும்புல ஒடம்பு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏன் சேவியரு, அந்தச் சென்சாரப் புடுங்கி ஒரு டம்ளர் வெந்நீர்ல போட்டா ஓடிடாதா?"

ஓடும். அதுதான் சங்கடம். தண்ணீரின் சூட்டை அளக்கும் அந்தச் சென்சாரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வெந்நீர் பக்கத்திலேயே இருந்தது. போட்டால் பச்சை விளக்கு எரியும், சார் பார்ப்பார், நான் மறுநாள் காலை அமலியோடு இருப்பேன். திரும்ப மாட்டிவிட்டேன்.

மாலையில் அமலி போனில் கூப்பிட்டாள்.

"ஏங்க, தண்ணி சூடாச்சா?"

"இல்ல."

"அந்த மெஷினுக்கு ஒரு போர்வயப் போத்திட்டு வாங்களேன். வூட்டுல பொட்டி கட்டிக்கினே இருக்கேன், எத எடுத்துக்கறது எத வெச்சிட்டுப் போறதுன்னே தெரியல."

"வந்துடுவேன்."

"நீங்க வரலன்னாலும் நான் போய்த்தான் ஆவணும். அழுவ மாட்டேன். ஆனா வாங்க."

3

குளிர் மெஷினை நிறுத்துகிறது. ஆனால் தண்ணீரில் இருக்கும் க்ளோரினையும் அதே குளிர்தான் காப்பாற்றுகிறது. பாசி மெதுவாக வளரும். பனிமூட்டத்தில் வெயில் க்ளோரினைத் தின்னாது. குளிப்பவர்களும் குறைவு. பாதிப் பேர் கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் ஒரு தடவை கையால் திரவ க்ளோரின் ஊற்றினால் சில நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டேன்.

சார், "தாங்கும்னு நீ சொல்ற. காட்டு, விடறேன்," என்றார்.

தாங்கும் என்று காட்ட வேண்டுமானால் காத்திருக்க வேண்டும். வேறு வழி கிடையாது. 27 இரவு ஊற்றினேன். 28-ஆம் தேதி அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. 29-ஆம் தேதி சற்றே இறங்கியது. என் கணக்கு சரி என்பதற்கு அத்தாட்சி சேரச் சேர என் லீவு கரைந்துகொண்டிருந்தது. 29 மாலை சார், "போயிட்டு வாப்பா," என்றார். தினமும் சோதிக்கவும், குறைந்தால் எவ்வளவு ஊற்றுவது என்றும் குமுதா அக்காவுக்குக் காட்டிக் கொடுத்தேன். "பொண்டாட்டியப் பாக்க ஒருத்தன் தண்ணிக்குப் பரீட்சை வெச்சத இப்பதான் பாக்கறேன்," என்றார். அப்போது கடைசிப் பஸ் போயிருந்தது.

30 காலை முதல் பஸ் பனியில் ஊர்ந்தது. சேலத்தில் விருத்தாசலம் பாசஞ்சரைப் பிடித்துவிட்டேன். சின்னசேலத்தில் எதிர் வண்டிக்கு வழிவிட, கிராசிங்குக்காக நிறுத்திவிட்டார்கள். அமலி கூப்பிட்டு, "எங்க இருக்கீங்க?" என்றாள். சொன்னேன். "அப்ப வந்துடலாம்," என்றாள். இருவருக்கும் நேரம் தெரியும்.

ஜங்ஷனில் இறங்கி மேம்பாலத்தில் ஓடினேன். படி இறங்கும்போது அவள் ஏறிய சென்னை வண்டி நகர ஆரம்பித்திருந்தது. எந்தப் பெட்டி என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எல்லாக் கதவுகளிலும் ஆட்கள் நின்றார்கள். அவளை நான் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "பாத்துட்டேங்க," என்றாள். "நீலச் சட்ட. பாலத்து மேல ஓடியாந்தீங்க. போதும்." அதன்பிறகு சிக்னல் போய்விட்டது.

தொழில் பாடம் சிறியதுதான். குளிர்ந்த தண்ணீரில் மீட்டரை நம்பி உப்புக் கொட்டாதீர்கள், சென்சாரை ஏமாற்றாதீர்கள், நின்ற செல்லை நிற்க விட்டுக் கையால் ஊற்றுங்கள். முக்கியமாக, இந்தச் சோதனையைக் குளிர் வரும் முன்பே, நவம்பரிலேயே செய்து அளவுகளை எழுதி வைத்துவிடுங்கள். போன டிசம்பரில் என்னிடம் எல்லா அளவும் தயாராக இருந்தது. ஊருக்குப் போக எந்த அவசரமும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. அன்று மலையிலிருந்து இறங்கும்போது நீலச் சட்டைக்கு மேல் பழுப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தேன். சாயங்காலம் வீட்டில் பார்க்கும்போது அது பைக்குள் இருந்தது. பஸ்ஸில் கழற்றினேனா, ரயிலிலா, இல்லை அவள் வண்டி போன பிறகு பிளாட்பாரத்திலா, எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. வழியனுப்ப வந்த அவள் தம்பியைக் கேட்டேன். "நான் பொட்டிய ஏத்திக்கினு இருந்தேன் மாமா, கவனிக்கல," என்றான். அமலியிடம் போனில் கேட்டால், "எனக்குத் தெரியாதா உங்கள?" என்கிறாள்.

அவள் பார்த்தது என்னைத்தானா என்பது, இதை எழுதும் இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.