பாதி பூத்த சால்வை

எனக்கு வந்த நோயின் முதல் அறிகுறி, என் இலையில் கேசரி இல்லாமல் போனது. பக்கவாதம் என்றால் வாய் கோணும், கை விழும் என்றுதான் நானும் கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால் நீங்களாவது அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். இப்போது அதிலும் ஒரு சங்கடம். தாளின் நடுவில் ஆரம்பித்து வலது ஓரம் வரை போய்விட்டு, அதுதான் முழு வரி என்று நினைத்துவிடுகிறேன். என் மகன் பாஸ்கர் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறான். அந்தக் கோட்டைத் தேடிப் பிடித்து அங்கிருந்து தொடங்குகிறேன். மெதுவாகத்தான் வரும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

ஆரணியில் எங்களுடையது பட்டு நெசவு வீடு. என் கணவரும் அவர் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழே தறி போட்டவர்கள். இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு நானும், தம்பி மனைவி சரோஜாவும் அதே வீட்டில் இருந்தோம். பாஸ்கர் பட்டு வியாபாரம் பார்க்கிறான். சமையல் சரோஜா கையில். நான் உல்லன் நூலில் பின்னுகிறவள். சிறு வயதில் தையல் வகுப்பில் கற்றுக்கொண்டது. இந்த வெயிலில் உல்லன் சால்வை யாருக்கு என்று கேட்பார்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜவ்வாது மலைக்கு மாற்றலாகிப் போகிற வாத்தியார்கள் இருக்கிறார்கள். குழந்தைகளும் பிறந்துகொண்டுதானே இருக்கின்றன.

என் டிசைன் எதுவும் புத்தகம் பார்த்துப் போட்டது கிடையாது. ஏரி வற்றும்போது சேற்றில் விழுகிற வெடிப்பை ஒரு ஸ்வெட்டரில் போட்டேன். சாயம் ஏற்றித் தெருவில் காயவைத்த நூலின் மேல் மேகம் கடக்கும்போது நிறம் மங்கித் திரும்புமே, அதை ஒரு சால்வையில் கொண்டுவந்தேன். நாற்று வயலில் கொக்கு இறங்குவதைப் போட்டபோது சரோஜா சொன்னாள்:

“அக்கா கண்ணுல பட்டா எதுவும் தப்பாது. நாளைக்கு அந்தக் கொக்கு வந்து கூலி கேக்கப் போவுது, பாத்துகினே இரு.”

அவள் கிண்டலாகச் சொன்னாலும் எனக்கு அது பெருமைதான். என் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது என்ற கர்வம் எனக்கு இருந்தது.

சரோஜாவின் மகள் மீனாவை வந்தவாசியில் கொடுத்திருக்கிறோம். அவள் முழுகாமல் இருந்தபோது, பிறக்கப் போகும் குழந்தைக்கு ஒரு சால்வை தொடங்கினேன். அதில் போட்டது வேர்க்கடலை விளைகிற கொல்லை. எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அதன் பூ உச்சியில் நின்று மினுக்காது. இலைக்குக் கீழே, தண்டை ஒட்டி மஞ்சளாக இருக்கும். குனிந்தவர்களுக்குத்தான் தெரியும். பச்சை நூலில் சால்வையைப் பின்னி முடித்தேன். மஞ்சள் பூக்களைத் தனித்தனியாகப் பின்னி வைத்துக்கொண்டேன், பிறகு தைத்துக்கொள்ளலாம் என்று. புது நூல் குழந்தைக்கு உறுத்தும் என்று சரோஜா சால்வையை அலசிக் காயவைத்தாள்.

அதற்குப் பிறகு மீனாவுக்கு எங்கள் வீட்டில் வளைகாப்பு நடந்தது. அன்று காலையில் நான் கதவில் இடது தோளை இடித்துக்கொண்டேன். தலையை வாரியது ஒரு பக்கம்தான் என்று பிறகு சொன்னார்கள். வேலை மும்முரத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பந்தியில் சம்பந்தி வீட்டாரோடு என்னை உட்கார வைத்தார்கள். பக்கத்து இலையில் கேசரி இருந்தது. என் இலையில் இல்லை. உப்பு இல்லை, ஊறுகாய் இல்லை, வடை இல்லை. சோறும் பொரியலும்தான் தெரிந்தன.

“ஏண்டி சரோஜா, எனக்குக் கேசரி கெடையாதா?”

“வெச்சேனேக்கா” என்று சொல்லிவிட்டு மறுபடியும் கரண்டியால் போட்டாள். நான் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

“எங்கடி வெச்ச? எல்லார் எதிர்லயும் என்ன ஏமாத்தறியா?”

அவள் இன்னொரு முறை வைத்தாள். முகம் சிவந்திருந்தது. எனக்கு அப்போதும் தெரியவில்லை. அப்போது நான் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். “இந்த வீட்டு மூத்தவளுக்கே ஒரு வாய் இனிப்பு வெக்க மனசு வரல. இவளா மாமியாருக்கு அடங்கி நடக்கற பொண்ண வளத்திருப்பா?”

சம்பந்தியம்மாள் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். மீனா வளையல் கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிரசவம் எங்கள் வீட்டில் என்றுதான் ஏற்பாடு. அந்த வாரமே சரோஜா மகளை அழைத்துக்கொண்டு தேசூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. போகட்டும் என்று நானும் இருந்தேன்.

யார் போனாலும் என் வேலை நிற்காது என்று காட்டுவதற்காகவே சால்வையை எடுத்துக் கட்டிலில் விரித்துப் பூ தைக்க உட்கார்ந்தேன். சால்வை பாதி அகலம்தான் இருந்தது. பூக்களுக்கு இடம் போதவில்லை. நெருக்கி நெருக்கித் தைத்தேன். பாஸ்கர் வந்ததும் அவனிடம் முறையிட்டேன்.

“பாத்தியாடா அவ செஞ்ச வேலைய? வெந்நீர்ல போட்டுச் சுருக்கி வெச்சிட்டுப் போயிருக்கா.”

அவன் சால்வையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“அம்மா, அந்தப் பக்கம் ஏன் பூவே வெக்கல?”

“எந்தப் பக்கம்?”

எனக்கு இடது பக்கமாகப் போய் நின்று கையை ஆட்டினானாம். நான், “பேசிகினே இருந்தவன் எங்கடா போன?” என்று கேட்டேனாம். அன்றைக்கே வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

ஸ்கேன் (மூளையைப் படம் எடுப்பது) எடுத்தார்கள். மூளையின் வலது பக்கத்தில் ஒரு சிறிய ரத்தக்குழாய் அடைத்திருந்தது. சில வாரங்கள் ஆகியிருக்கும் என்றார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். என் முன்னால் தாளும் பேனாவும் வைத்தார்.

“ஒரு பூ வரைங்கம்மா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. என்னிடமா பூ போடச் சொல்கிறாள்! ஒரு சூரியகாந்தி வரைந்து, இந்தா என்று தள்ளினேன். அவர் அதைத் தலைகீழாகத் திருப்பி என் முன்னால் வைத்தார். இப்போது ஒரு பாதியில் இதழே இல்லை.

“இன்னாம்மா இது, யாரு பாதில விட்டது?”

“நீங்க வரைஞ்சதுதாம்மா. பேப்பரத் திருப்பி மட்டும்தான் வெச்சேன்.”

இதற்கு ஒருபக்கப் புறக்கணிப்பு (கண் நன்றாக இருந்தும் மூளை ஒரு பக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது) என்று பெயராம். இருட்டாகத் தெரிந்தால், தெரியவில்லை என்று சொல்லியிருப்பேன். இது அப்படி இல்லை. இருக்கிற பாதியே முழுசாகத் தோன்றும். குறை எதுவும் இருப்பதாகவே படாது. அதனால் காணாமல் போனதற்கு வேறு யாராவதுதான் காரணம் என்று மனசு முடிவு கட்டிவிடும்.

தாளை நானே ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

“டாக்டரம்மா, சாப்பாட்டு எலையில கேசரி எந்தப் பக்கம் வெப்பாங்க?”

“லெஃப்ட்லதான் வெப்பாங்க. உப்பு, ஊறுகாய் பக்கத்துல. ஏம்மா?”

பாஸ்கர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “மூணு தடவ வெச்சாங்கம்மா சித்தி” என்றான். “நான் பாத்துகினுதான் இருந்தேன்.”

“பாத்துகினா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடா?”

“நீ வேணும்னே சண்டைக்கு நிக்கறன்னு நெனச்சேன்.”

இந்த நோயில் என்னை இன்றும் குத்துவது அந்த வார்த்தைதான். பந்தியில் அத்தனை பேர் இருந்தார்கள். கண் முன்னால் இருக்கும் கேசரியை இல்லை என்று ஒருத்தி சாதிக்கிறாள், இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இவள் இப்படிச் செய்யக்கூடியவள்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். பெற்ற பிள்ளையும் நம்பினான். கேசரியை மறைத்தது நோய். மாமியாருக்கு அடங்கிய பெண், வளர்ப்பு என்றெல்லாம் பேசியது நோய் இல்லை. அந்தப் பேச்சு என்னிடம் தயாராக இருந்தது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். பிரஷர் மாத்திரையும் சேர்ந்தது. பயிற்சி கொடுக்க வந்த பெண் சொன்ன உபாயங்களை உங்களுக்கும் சொல்கிறேன். இடது மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டிக்கொள்ளுங்கள். தட்டின் இடது ஓரத்திலும் சிவப்பாக ஏதாவது அடையாளம் வையுங்கள். அதைக் கண்ணால் பிடித்த பிறகுதான் கை வைக்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் திருப்புங்கள். மீதி இருப்பது தெரியும். வீட்டில் இருப்பவர்கள் நோயாளியின் இடது பக்கம் நின்று பேச வேண்டும். அப்போதுதான் மூளை அந்தப் பக்கம் திரும்பப் பழகும்.

பாஸ்கர் போனில் சரோஜாவுக்கு விவரம் சொன்னான். பிறகு போனை என்னிடம் கொடுத்தான்.

“கேள்விப்பட்டேன்க்கா. ஒடம்பப் பாத்துக்கோ. மாத்திரைய வுட்டுடாத” என்றாள். வைத்துவிட்டாள்.

நோய்க்கு என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லிவிட்டாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. அவள் இல்லாத வீட்டில் எனக்கு இடது பக்கம் மட்டும் இல்லை, வலது பக்கமும் வெறிச்சென்று கிடந்தது.

மீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தேசூரில் தொட்டில் போட்டுப் பேர் வைக்கும் நாளுக்கு அழைப்பு வந்தது. சொன்னது சம்பந்தி வீட்டார், சரோஜா இல்லை. சால்வையின் வெறும் பாதியில் பூ தைக்க முயன்றேன். இடது கை இருப்பதே மறந்து ஊசியை நழுவ விட்டேன். இருப்பது இருக்கட்டும் என்று அப்படியே எடுத்துக்கொண்டு போனேன்.

சரோஜா அதை வாங்கிப் பிரித்தாள். ஒரு பக்கம் பூ மண்டிக் கிடந்தது, மறுபக்கம் பச்சை மட்டும். சுற்றி நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சரோஜா சால்வையை இரண்டாக மடித்தாள். வெறும் பாதி உள்ளே போயிற்று. பூ வெளியே வந்தது. குழந்தையை அதில் சுற்றினாள்.

“கொழந்த அளவுக்குப் பாதியே ஜாஸ்தி. பூ உறுத்தாது” என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

பந்தியில் உட்கார்ந்தேன். அதே சம்பந்தியம்மாள் வலது பக்கத்தில் இருந்தார். சரோஜா கேசரி வாளியோடு வந்தாள். எனக்குத் தெரிகிற பக்கம் வைப்பாள் என்று ஒரு நினைப்பு இருந்தது. அவள் முறைப்படி எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்துவிட்டு, நகராமல் நின்றாள்.

மணிக்கட்டு நூலைத் தேடினேன். கழுத்தைத் திருப்பினேன். அந்தப் பந்தியே எனக்காகக் காத்திருப்பது போல இருந்தது. உப்பு வந்தது, ஊறுகாய் வந்தது. அதற்கும் அப்பால் கேசரி. எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“அன்னிக்கும் வெச்சா. மூணு தடவ வெச்சா. எனக்குத் தெரியாமப் போனது சீக்கு. நான் பேசின பேச்சு சீக்கு இல்ல. அது தப்பு.”

“அதெல்லாம் அப்பவே மறந்தாச்சும்மா” என்றார் சம்பந்தியம்மாள்.

“நான் மறக்கல” என்றாள் சரோஜா. “மூணு கரண்டி கேசரி. அன்னிக்குக் கடைசிப் பந்திக்கு இவங்களாலதான் பத்தாமப் போச்சு.”

சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது, “வீட்டுக்கு வாடி” என்றேன்.

“மீனாவ மூணாம் மாசம் வந்தவாசில கொண்டுபோய் வுடணும். அப்பறம் பாக்கலாம். அதுக்குள்ள இன்னும் எத்தினி பேர் மேல பழி போடறியோ, போடு.”

நான்காம் மாதம் ஒரு பையோடு வந்தாள். அடுப்படிக்குப் போய் பாத்திரங்களை அவள் வழக்கப்படி மாற்றி அடுக்க ஆரம்பித்தாள்.

இப்போதெல்லாம் என்னால் எதையும் ஒரே பார்வையில் பார்த்துவிட முடிவதில்லை. வலது பாதி தானாக வருகிறது. மீதியை நானே போய் அழைத்துவர வேண்டும். ஒரு வாய் சோற்றுக்கும் ஒரு வரி எழுத்துக்கும் இரண்டு பங்கு நேரம். மறுபடியும் பின்னுகிறேன். ஒவ்வொரு சால்வையின் ஓரத்திலும் எனக்காக ஒரு சிவப்பு நூல் ஓடுகிறது. வாங்குகிறவர்கள் அதையும் டிசைன் என்று நினைக்கிறார்கள்.

பாஸ்கருக்கு மனசு கேட்காது, வலது பக்கமாகவே வந்துவிடுவான். சரோஜா இடது பக்கம்தான் நிற்கிறாள். காப்பியை அந்தப் பக்கம் வைத்துவிட்டு, “அக்கா” என்று ஒரே ஒரு முறை கூப்பிடுவாள். நான் கண்டுபிடிக்கும் வரை கையில் எடுத்துக் கொடுக்க மாட்டாள். சில நாள் காப்பி ஆறிப்போகும். இது வைத்தியமா, கோபமா என்று நான் கேட்டதில்லை. எதுவானாலும் எனக்குச் சேர வேண்டியதுதான்.

மெதுவாகத் திரும்புகிறேன். முதலில் சுவர் வருகிறது. பிறகு ஜன்னல், காப்பி டம்ளர், சேலை முந்தானை. எல்லாவற்றுக்கும் கடைசியில் அவள் முகம்.