ஊரில் துக்கம் ஏதுமில்லை

மற்றவர்கள் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். கொழும்பில் ஒரு கம்பனி ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறது. அது எந்த இடத்தில் சறுக்கும் என்று தேடிப் பார்த்துச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். "இதுக்கேன் உன்னைக் கம்பசுக்கு அனுப்பினனாங்கள்? அது உனக்குப் படிக்காமலே வருமே" என்பார் அம்மா.

முன்பு கொழும்பில், வெள்ளவத்தையில், நாலு பெண்கள் சேர்ந்து ஓர் அறையில் இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும். கீழ்வீட்டில் மீன் பொரித்தால் எங்கள் தலையணை மணக்கும். பிறகு கொரோனா வந்து எல்லோரையும் வீட்டுக்குக் கலைத்தது. நானும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊர் ஸ்கந்தபுரத்துக்கு வந்தேன். நோய் அடங்கியதும் மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். நான் போகவில்லை. கேட்டபோதெல்லாம் ஏதாவதொரு சாட்டுச் சொன்னேன்.

ஊருக்கு இது பிடிபடவில்லை. வேலை என்றால் காலையில் சீலையை உடுத்திக்கொண்டு கிளிநொச்சி பஸ் ஏற வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இங்கிலிசில் கதைக்கிற ஒருத்தியை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எனக்கு வேலை போய்விட்டது என்று சிலர் சொன்னார்கள். வேறு என்னவோ கழன்றுவிட்டது என்று வேறு சிலர் சொன்னார்கள். கடைசியில் அம்மாதான் ஒரு வழி பண்ணினார். "மகள் கொழும்போட கதைக்கிறா" என்று போகிற இடமெல்லாம் சொல்லி வைத்தார். அதுவே என் உத்தியோகத்தின் பெயராக நிலைத்துவிட்டது. இப்போது படலையைத் திறக்க முதல், "பிள்ளை கதைக்குதோ?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்கள் உள்ளே வருகிறார்கள்.

எனக்கு இந்தச் சீவியம் நன்றாகப் பிடித்துவிட்டது. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையில் வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பேன். மத்தியானம் முருங்கையிலை வறையோடு சுடச்சுடச் சோறு. நான் கொழும்பில் இருந்த காலத்தில் அம்மா மத்தியானத்தில் உலை வைப்பதே இல்லையாம். "ஒரு ஆளுக்கு என்னத்தைச் சமைக்கிறது" என்று காலையில் மிஞ்சிய பாணோடு முடித்துவிடுவாராம். இதை அம்மா சொல்லவில்லை, பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன வைகாசியில் எங்கள் மனேஜர் அழைத்தார். சிங்களவர், நல்ல மனிதர். அதனால் மிரட்டலையும் மரியாதையாகத்தான் செய்தார். அவுஸ்திரேலியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் மென்பொருளை வாங்க யோசிக்கிறார்கள், அதை நீதான் அவர்களுக்கு இயக்கிக் காட்ட வேண்டும் என்றார். ஊரில் இருந்தே அதை ஒழுங்காகச் செய்துவிட்டால் அங்கேயே இரு, இல்லாவிட்டால் அடுத்த மாதம் கொழும்புக்கு வந்துவிடு, இனிச் சாட்டு வேண்டாம் என்றார். சரி என்றேன். அவர் குறித்த நாளைப் பார்த்தால் எங்கள் அம்மன் கோயில் திருவிழா.

கோயில் எங்கள் வீட்டுக்கு நேரெதிரே, ஒழுங்கையைத் தாண்டினால் வரும். வேம்பில் கட்டிய ஒலிபெருக்கி என் அறை ஜன்னலுக்கு நேரே வாயைத் திறந்துகொண்டு நிற்கும். விடியத் தொடங்கும் பக்திப் பாட்டு இரவுப் பூசைவரை ஓயாது. அதைப் போடுகிற அண்ணையிடம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"ஒரு மணித்தியாலம் பாட்டை நிப்பாட்டேலுமோ அண்ணை?"

"பிள்ளை, இது கலியாணவீடோ நிப்பாட்டிப் போட்டுப் போட? அம்மன்ர அலுவல்."

"அம்மன்தானே தம்பி, பிள்ளையை இஞ்ச கொண்டு வந்து விட்டவா" என்றார் அம்மா. "நிண்டு நிலைக்க வேண்டாமே?"

அண்ணை தலையைச் சொறிந்தார். பூசைக்கும் அன்னதானத்துக்கும் இடையில் பத்து மணிக்கு நிறுத்துவதாக ஒப்புக்கொண்டார். அலுவல் முடிந்ததும் அம்மா படலையடியில் நின்று துவாயை ஆட்டிக் காட்ட வேண்டும் என்று பேச்சு.

சொன்ன சொல் தவறாமல் பத்து மணிக்குப் பாட்டு நின்றது. நான் மைக்கைத் திறந்து வேலையைக் காட்டத் தொடங்கினேன். அவுஸ்திரேலியாவில் மூன்று பேர், கொழும்பில் மனேஜர். எல்லாம் தடங்கல் இல்லாமல் போனது. அப்போதுதான் படலைப் பக்கம் சைக்கிள் மணிகள் கேட்டன.

எங்கள் பக்கத்தில் திருவிழாப் பாட்டு இடையில் நின்றால் அதற்கு ஒரே கருத்துத்தான். ஊரில் செத்தவீடு. பிரேதம் எடுக்கும்வரை பூசையும் இல்லை, பாட்டும் இல்லை. இந்தச் சனத்துக்குச் சத்தம் பழகிப்போனது, சத்தம் திடீரென்று நின்றால்தான் நெஞ்சு பதறும். குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இந்த ஓட்டை கண்ணில் படவில்லை. "ஆரப்பா? ஆர் மோசம் போனது?" என்று வாசலில் குரல்கள் கூடின. அம்மா வாயில் விரலை வைத்து வைத்துக் களைத்துப் போனார். அதைப் பார்த்து எங்கள் வீட்டில்தான் ஏதோ நடந்துவிட்டது என்று இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

அண்ணை கோயிலில் இருந்து இதைப் பார்த்திருக்கிறார். ஊர் கலங்கும்போது பேசாமல் இருக்க அவரால் ஏலாது. மைக்கைப் பிடித்தால் அவருக்குச் செந்தமிழ் வந்துவிடும்.

"அம்மன் அடியார்களுக்கு ஓர் அன்பான அறிவித்தல். ஊரில் துக்கம் ஏதுமில்லை. ஆலயத்தின் முன்வீட்டுப் பிள்ளை தற்சமயம் கொழும்போடு கதைத்துக்கொண்டிருப்பதால் பாட்டு நிறுத்தப்பட்டுள்ளது. ஆகவே அடியார்கள் அனைவரும் அமைதி காக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மீண்டும் அறியத்தருகிறோம்..."

மூன்று முறை அறியத்தந்தார். ஒவ்வொரு முறையும் என் திரை அதிர்ந்தது. மனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். வெள்ளவத்தைச் சுவரும் மீன் பொரியல் வாசமும் அப்படியே கண்முன் வந்தன.

அவுஸ்திரேலியாக்காரர்களில் ஒரு மூத்த பெண், "அது என்ன அறிவித்தல்? ஏதும் ஆபத்தா?" என்று கேட்டார். பொய் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பாட்டு நின்ற காரணத்தையும் ஊர் பயந்த காரணத்தையும் உள்ளபடி சொன்னேன். எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்கிறார்கள் என்றேன். "யாருக்காக?" என்றார். எனக்காக என்றேன்.

அந்தப் பெண் சிரித்தார். பிறகு காதைக் கொடுத்துக் கேட்டார். "உண்மைதான், ஒரு சத்தமும் இல்லை" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு மயில் அகவியது. அதற்கு மட்டும் அறிவித்தல் விளங்கவில்லை.

மிச்சத்தையும் காட்டி முடித்தேன். அவர்கள் நன்றி சொல்லிப் போனபின் மனேஜர் மட்டும் திரையில் இருந்தார். "காலையிலிருந்து என் ஜன்னலுக்குக் கீழே ரோட்டைக் கிண்டுகிறார்கள்" என்றார். "இத்தனை வருடத்தில் எனக்காக ஓர் ஓட்டோக்காரன்கூட ஹோர்னை நிறுத்தியதில்லை. உனக்கு அங்கே ஊரே நிறுத்துகிறது. இங்கே வந்து என்ன செய்யப் போகிறாய்? அங்கேயே இரு."

நான் வெளியே வந்து, சரிவந்துவிட்டது என்று அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அம்மா படலைக்கு ஓடித் துவாயைச் சுழற்றினார். அண்ணை தன் கடமையைக் குறைவில்லாமல் முடித்தார்.

"முன்வீட்டுப் பிள்ளையின் கதை முடிந்துவிட்டது என்பதை அனைவருக்கும் அறியத்தருகிறோம்."

ஒழுங்கையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் வாய்க்கால் கரையில் இருக்கும் பெரியம்மா தோட்டத்து மோட்டர்ச் சத்தத்தில் முன்னையதொன்றும் கேளாதவர். மோட்டரை நிறுத்திய கையோடு இது மட்டும் காதில் விழுந்திருக்கிறது. ஈரச் சீலையோடு, "ஐயோ என்ர பிள்ளை" என்று குழறிக்கொண்டு ஓடி வந்தார். நான் முன்னால் நின்றும் அவர் கண்ணில் படவில்லை. அம்மா போய் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனக்கா அழுறியள்? கதைதான் முடிஞ்சது. பிள்ளை இனி இஞ்சதான் இருக்கப்போறாள்."

சொல்லிவிட்டு, அக்காவின் முகத்தைத் துடைக்க எடுத்த துவாயால் அம்மா தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.