கோட்டில் விழாத கட்டைச் சத்தம்

மரிய அருண் சிக்னலில் நின்றாலும் பைக்கை உறுமவிட்டுக்கொண்டே இருப்பான். முத்தியால்பேட்டைச் சந்துகளில் அவனுக்கு முன்னால் யாராவது மெதுவாகப் போனால் போச்சு, ஹாரன்தான். அந்த அவசரத்தையே அவன் தொழிலாக்கிக்கொண்டான்.

வீட்டு மாடியில் உட்கார்ந்து அவன் ஒரு மென்பொருள் எழுதினான். திரையில் பெட்டிகளை வயரால் இணைத்து அதில் இசை அமைக்கலாம். பதிவு செய்த ஒலியை ஒரு பெட்டியில் போட்டால் அதன் ஏற்ற இறக்கம் படமாகத் தெரியும். ஒரு மணி நேரப் பதிவில் கோடிக்கணக்கான அளவுகள் இருக்கும். திரையின் அகலமோ ஆயிரத்துச் சொச்சம் புள்ளிதான். எல்லாவற்றையும் வரையப் போனால் கணினி திணறும். அருண் குறுக்கு வழி பிடித்தான். புள்ளிக்கு ஓர் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, இடையில் இருப்பதையெல்லாம் தாண்டிவிட்டான். படம் சட்டென்று வந்தது. மென்பொருளைப் பயன்படுத்துவோரின் வாட்ஸாப் குழுவில் ஒரே பாராட்டு. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அவன் போகும் மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்துபவள் ஆஷ்லின், பள்ளியில் பாட்டு டீச்சர். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் பூசையில் மணிகள் ஓய்ந்துவிடும். சனிக்கிழமை இரவுப் பாஸ்கா பூசை வரை மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அந்தச் சத்தத்தில் தொடங்கி மணியோசையில் முடியும் ஓர் இசையை, ஈஸ்டர் விழாவுக்காக, அவள் அருணின் மென்பொருளில் கட்டிக்கொண்டிருந்தாள். வியாழன் பூசை முழுவதையும் பதிவு செய்தாள். சனிக்கிழமை திறந்து பார்த்தால் பிரசங்கம்தான் மெலிதாகத் தெரிந்தது. கட்டை தட்டியதற்கு ஒரு முள்கூட எழும்பவில்லை. படத்தைக் குழுவில் போட்டு, ஏன் என்று கேட்டாள்.

அருண் பதிவைக் கேட்டுப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தான், அவ்வளவுதான். "உங்க மைக்கு ஃபாதர் பக்கம் திரும்பி பிரசங்கம் கேட்டுச்சோ என்னவோ, டீச்சர்!" என்று எழுதினான். குழுவே சிரித்தது. ஆஷ்லின் கேட்டுக்கூடப் பார்க்காமல் அவன் சொன்னதை நம்பினாள். அன்றே பதிவை அழித்துவிட்டு, அதே மெமரி கார்டில் பாஸ்காப் பாட்டுகளைப் பதிந்தாள். ஈஸ்டர் விழாவில் அவள் இசை ஒலிக்கவே இல்லை.

திங்களன்று சாப்பிடும்போது இதைப் பெரிய வேடிக்கையாக மனைவி ரோசாவிடம் சொன்னான். ரோசா சிரிக்கவில்லை.

"அவ பின்னாடிதாங்க நான் முட்டிபோட்டிருந்தேன். மைக்கு கட்டைக்கு நேராத்தான் இருந்துச்சி. நீங்களும் கோயில்லதான இருந்தீங்க, காதுல விழல?"

விழுந்தது. நன்றாகவே விழுந்தது. கேட்டுத் தலைகுனிந்து கும்பிட்டவன்தான் அவன்.

சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தான். மாடிக்குப் போய், நீளமான ஒரு பதிவின் நடுவே தன் கைத்தட்டலைச் சேர்த்துப் பார்த்தான். காதில் கேட்டது, படத்தில் இல்லை. தாண்டிவிட்ட இடத்தில் கைத்தட்டல் விழுந்திருந்தது. இடைப்பட்ட அளவுகளில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒருமுறை பொறுக்கி வைத்துக்கொண்டால் போதும். எதுவும் தப்பாது, வேகமும் குறையாது. மாலைக்குள் எழுதி முடித்தான். இவ்வளவு சுலபமா என்று நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

குருசுக்குப்பத்தில் ஆஷ்லின் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"தப்பு என்னோடதுதான் டீச்சர். மன்னிச்சிடுங்க. அந்தப் பதிவக் குடுங்க, இப்ப தெரியும்."

"அழிச்சிட்டேண்ணா. நீங்கதான அதுல ஒண்ணும் இல்லன்னீங்க."

"இன்னொரு தடவ தட்டச் சொன்னா?"

"மணி வந்துடுச்சே. இனிமே அடுத்த வருஷம்தான்." கதவைப் பிடித்தபடி, "சிரிச்சது எல்லாரும் பாக்க. மன்னிப்பு மட்டும் வாசல்லயாண்ணா?" என்றாள்.

அருண் அங்கேயே ஃபோனில் குழுவைத் திறந்தான். 'டீச்சர் மைக்கு சரியாத்தான் இருந்தது. என் படம்தான் தப்பு. அந்தச் சத்தத்த நானும் கோயில்ல கேட்டேன். கேட்டுட்டுதான் கிண்டல் பண்ணேன்' என்று அடித்தான். படித்துப் பார்த்தான். கடைசி வரியை அழிக்க விரல் போனது.

"அத அழிக்காதீங்கண்ணா. ஒண்ணு அழிஞ்சது போதும்" என்றாள் ஆஷ்லின்.

அப்படியே அனுப்பினான்.